சீவிய உரித்து

கல்லடியில் ஒரு பெண்ணின் பிடவையில் கறை பட்டுவிட்டால் அவள் முதலில் தேடுவது கண்ணகையைத்தான். கண்ணகை கட்டாடி வீட்டில் பிறந்தவள்; ஊருக்குச் சீலை வெளுக்கும் கட்டாடி ஒருவனுக்கே வாழ்க்கைப்பட்டவள். நடந்ததைக் கேட்குமுன்பே கறையைப் பார்த்து நடந்ததைச் சொல்லிவிடுவாள்.

"இரத்தத்துக்குச் சுடுதண்ணி ஊத்தினியாகா? போச்சு. இனி அது சீலையோடதான் போகும். பச்சத்தண்ணியில ஊறப் போட்டிருந்தா அரை மணித்தியாலத்தில கழண்டிருக்கும்."

வாழைக் கயர்க் கறைக்குச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கறுக்கவைத்துக்கொண்டு வருபவர்களைத் திட்டுவாள். நீலம் கூடப் போட்டால் வெள்ளை கூடும் என்று நம்பி, வேட்டியை ஆகாச நிறமாக்கிக்கொண்டு வருபவர்களைப் பார்த்துச் சிரிப்பாள். வாவியின் உப்புத் தண்ணீர் பட்டால் துணி கெட்டுவிடும் என்பது ஊர் முழுக்க இருந்த எண்ணம். கண்ணகையோ காத்தான்குடியிலிருந்து வரும் புதுக் கம்பாயச் சீலைகளை முதல் முதல் வாவித் தண்ணீரில்தான் முக்குவாள். உப்புத் தண்ணீரில் சாயம் பிடித்து நிற்கும். பிறகு எத்தனை தரம் வெளுத்தாலும் இளகாது. காத்தான்குடிப் புடவைக் கடைக்காரர் ஆதம்பாவாவின் மனைவி ஆமினா உம்மா இதைக் கண்ட நாள்முதல் தன் வீட்டுத் துணியை வேறு எவர் கையிலும் கொடுத்ததில்லை.

ஆனால் வெள்ளைத் துணிக்கு உப்புத் தண்ணீர் ஆகாது. சவர்க்காரம் நுரைக்காது, வெள்ளை பழுத்துப்போகும். அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். அந்தப் பக்கத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுதான் இருந்தது. அது ஊரில் பெரிய வயற்காரரான போடியாரின் வளவில் இருந்தது. போடியார் செத்து நாளாகிவிட்டது. அவருடைய பெண்சாதி இலட்சுமிப்பிள்ளை ஓட்டு வீட்டில் தனியே இருந்தாள். கண்ணகை கிணற்றுக் கட்டில் ஏறக்கூடாது. வேலைக்காரி அள்ளி ஊற்றும்வரைக்கும் குடத்தை வைத்துக்கொண்டு எட்டத்தில் நிற்கவேண்டும். வேலைக்காரிக்கு மனம் இல்லாத நாளில் வெயில் ஏறும்வரைக்கும் நின்றிருக்கிறாள்.

ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தேழில் ஒரு நாள் இலட்சுமிப்பிள்ளை அவளைக் கூப்பிட்டு, "கண்ணகை, நான் மண்டூருக்கே போகப் போறன். என்ட மருமகள், தம்பிட மகள், அங்க இருக்கிறாள். இந்த வளவ விக்கப் போறன், நீ எடுக்கிறியா?" என்று கேட்டாள்.

கண்ணகைக்கு முதலில் விளங்கவில்லை. கட்டாடிக்கு ஓட்டு வீட்டை யார் விற்பார்கள்? பிறகுதான் விளங்கியது. மகன் நல்லரத்தினத்தைக் கொழும்பில் படிக்க வைக்க இலட்சுமிப்பிள்ளைக்குக் கைக்காசு வேண்டும். ஊரில் யாரும் அந்த வீட்டைக் கேட்டு வரவில்லை. ஏன் வரவில்லை என்று கண்ணகை யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கிணறுதான் அவள் கண்ணில் நின்றது.

ஒன்று மட்டும் கேட்டாள். அந்தப் பக்கத்தில் வீடு என்றால் பெண்ணுக்குத்தான். மகள் கலியாணம் முடிக்கும்போது தாய் வீட்டை எழுதிக் கொடுப்பாள்.

"மூத்த பிள்ளை சீதேவிப்பிள்ளைக்கு இந்த வீடு இல்லையா அம்மா?"

"அவள் புருசனோட மலாயாவுக்குப் போய் எட்டு வருசம். அங்க இறப்பர் தோட்டத்தில அவன் கணக்கெழுதுற பெரிய கிறாணி. இந்த ஓட்டை வீட்ட அவள் கிறுகியும் பாப்பாளா? அவளுக்கு வட்டையில வயல் குடுத்தாச்சு" என்றாள் இலட்சுமிப்பிள்ளை.

கண்ணகையின் புருசன் கந்தப்பன் பயந்த மனிதன். இஸ்திரிப் பெட்டிக்குச் சிரட்டைக் கரி போட்டுக்கொண்டே, "நமக்கு ஏன் இந்த வீடு? ஊர் பொறுக்குமா?" என்றான். கண்ணகை காதுத் தோட்டையும், கதிரவெளியில் தாய்வழியில் வந்த தென்னங்காணித் துண்டையும் விற்றாள். இருபது வருசம் மூட்டை சுமந்து சேர்த்தது எல்லாம் போயிற்று.

விசயம் கேள்விப்பட்ட ஆமினா உம்மா ஒன்று சொன்னாள். "என்னகா, பதிவுக் கந்தோரில அந்தக் காணிட பதிவப் பாத்தியா? எங்கட கடைக்குக் காணி வாங்கக்குள்ள இவர் மூணு நாள் அங்கதான் நிண்டவர்."

"அது ஆம்பிளையள் செய்யிற வேலை உம்மா. உறுதிய நொத்தாரிசு எழுதுறார்தானே, முத்திரை ஒட்டித்தானே எழுதுறார். அரசாங்க முத்திரை பொய் சொல்லுமா?"

"முத்திரை ஒண்டும் சொல்லாதுகா. நீதான் கேக்க வேணும்."

கண்ணகை கேட்கவில்லை. நொத்தாரிசு வீட்டில் இலட்சுமிப்பிள்ளை, தன் தாய் தனக்கு எழுதிக் கொடுத்த பழைய உறுதிப் பத்திரத்தைப் பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தாள். நொத்தாரிசு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கண்ணகையைப் பார்த்தார்.

"பதிவைத் தேடிப் பாக்கவா? அதுக்கு ஒரு கிழமை செல்லும். வேணாமெண்டா வேணாமெண்டு எழுதி உன்ட கைநாட்டு வாங்கவேணும்."

பக்கத்தில் இலட்சுமிப்பிள்ளை நின்றாள். இருபது வருசமாக அவளுடைய உள்பாவாடைவரைக்கும் வெளுத்தவள் கண்ணகை. அந்த வீட்டில் எப்போது காய்ச்சல், எப்போது சண்டை, எப்போது பிள்ளை கலைந்தது எல்லாம் மூட்டை அவிழ்க்கும்போதே அவளுக்குத் தெரியும். அப்படிப்பட்டவளை முகத்துக்கு முன்னால் சந்தேகப்படுவது எப்படி?

"வேணாம் ஐயா. அம்மாவ எனக்குத் தெரியாதா?" என்று பெருவிரலை நீட்டினாள்.

அதற்குப் பிறகு வந்த வருசங்கள் நல்ல வருசங்கள் என்றுதான் சொல்லவேண்டும். ஊர் பொறுக்கவில்லை, அயலவர்கள் வேலியை உயர்த்திக் கட்டினார்கள், இரண்டு வீட்டார் துணி கொடுப்பதை நிறுத்தினார்கள். கண்ணகை அதற்கெல்லாம் மசியவில்லை. வளவின் பின்பக்கம் வெள்ளாவிக்குக் கொட்டில் போட்டாள். சீலையடிக்கும் கல்லொன்றை வண்டியில் கொண்டுவந்து இறக்கினாள். கிணற்றுக் கட்டில் நின்று தன் கையால் துலாவை இழுத்து அள்ளினாள். புளியந்தீவுப் பங்களாக்களிலிருந்து கல்லடிப் பாலத்தால் மூட்டை மூட்டையாகத் துணி வந்தது. வீட்டுக்குக் கட்டும் சோலைவரியின் ரசீது அவள் பெயரில் வந்தது. அதை எழுதப் படிக்கத் தெரியாத அவள் பெட்டியின் அடியில் பக்குவமாக வைத்தாள். வீடு தன்னுடையது என்பதற்கு அதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தாள்.

பத்து வருசம் முடிந்தபோது தோய்க்கும் இடத்தில் ஒருத்தி சொன்னாள்: "இனி உன்ன ஆரும் அசைக்க ஏலாது. பத்து வருசம் ஆண்டா காணி ஆண்ட ஆளுக்குத்தான்." கண்ணகை அன்றைக்கு மாமாங்கக் கோயிலில் தேங்காய் உடைத்தாள். அதற்கு முந்திய வருசமே கந்தப்பன் காய்ச்சலில் போய்விட்டான். சாகும்போது ஓட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். "சொந்த வீட்டில சாகிறன்" என்று அவன் சொன்னதைக் கண்ணகை அந்நேரம் பெரிய ஆறுதலாக எடுத்துக்கொண்டாள்.

மகள் தெய்வானைக்கு முப்பத்தொன்பதில் ஒரு நல்ல இடம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை ஆரையம்பதி. ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் சம்பள உத்தியோகம். வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுப்பதாகப் பேச்சு. மாப்பிள்ளையின் தகப்பன் விவரமான ஆள். பட்டினத்தில் வழக்குப் பேசும் பிறக்கிராசி ஒருவரிடம் போய்ப் பதிவைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் நாள் வைப்பது என்று நின்றான்.

எட்டாம் நாள் பிறக்கிராசி கண்ணகையை வரச் சொன்னார். கடதாசியை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"இந்த வீட்ட இலட்சுமிப்பிள்ளை பத்தொன்பதாம் ஆண்டிலயே மகள் சீதேவிப்பிள்ளைக்கு நன்கொடையா எழுதிப் பதிஞ்சிருக்கிறா. தான் சாகுமட்டும் இருக்கவும் ஆளவும் உரித்து வச்சிருக்கிறா. அதுக்குச் சீவிய உரித்து எண்டு பேர். உனக்கு வித்தது அந்த உரித்தத்தான். அவ கண் மூடின அண்டைக்கு அது முடியும். வீடு மகளுக்கு."

கண்ணகை பெட்டியில் வைத்திருந்த ரசீதுகளை மடியிலிருந்து எடுத்து வைத்தாள்.

"வரி கட்டினதுக்குத்தான் இந்தத் துண்டு. வீட்டுக்கு இல்ல" என்றார் அவர்.

"பத்து வருசம் ஆண்டா நமக்கெண்டு சொல்றாங்களே ஐயா. நான் பன்னிரண்டு வருசமா இருக்கிறன்."

"எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கிறாங்க. தாய் உயிரோட இருக்கு மட்டும் மகளுக்கு வந்து கேக்க உரித்தில்ல. கேக்க ஏலாத ஆளுக்கு மாறா வருசம் ஓடாது. தாய் செத்த நாள்தான் உனக்கு முதலாம் நாள். அதில இருந்து பத்து வருசம் மகள் வராம இருந்தாப் பாப்பம்." அவர் கொஞ்சம் பொறுத்து, "வித்தவ மேல வழக்கு வைக்கலாம். அவட பேரில என்ன இருக்கு?" என்று கேட்டார்.

ஒன்றும் இல்லை. அது கண்ணகைக்குத் தெரியும். விற்றதெல்லாம் கொழும்புக்குப் போயிற்று. கொழும்புக்குப் போன மகன் தாய்க்கு ஒரு கடிதம் போட்டதாகக் கூட யாரும் சொல்லவில்லை.

ஆரையம்பதி மாப்பிள்ளை அடுத்த கிழமையே வேறு இடம் பார்த்துக்கொண்டான்.

கண்ணகை களுவாஞ்சிகுடி மட்டும் பஸ்ஸில் போய், குருமண்வெளித் துறையில் தோணி ஏறி மண்டூருக்குப் போனாள். வழி நெடுக என்ன பேசவேண்டும் என்று நெஞ்சுக்குள் சொல்லிக்கொண்டு போனாள். மருமகளின் வீட்டில் பின்பக்கத்து ஒரு அறையில் இலட்சுமிப்பிள்ளை கிடந்தாள். ஒரு கை, ஒரு கால் விழுந்துபோய் மாதக் கணக்காகிறது. வாசலிலேயே மூத்திர நாற்றம் அடித்தது. விரிப்பு நனைந்து காய்ந்து, காய்ந்து நனைந்து மஞ்சள் வளையமாக இருந்தது. முதுகில் புண்.

"வந்திட்டியா? உனக்குத் தெரியவர இவ்வளவு காலம் செல்லும் எண்டு நான் நினைக்கல்ல" என்றாள் அவள். வாய் ஒருபக்கம் கோணியிருந்தாலும் பேச்சு தெளிவாகத்தான் இருந்தது.

"ஏன் அம்மா இப்பிடிச் செய்தீங்க?"

"நீ கேட்டியா? நொத்தாரிசு உன்னட்டத்தானே கேட்டவர், பதிவப் பாக்கவா எண்டு. நீ ஓம் எண்டிருந்தா நான் எழும்பிப் போயிருப்பன். நீ வேணாமெண்டாய்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "வேற ஆருக்கும் வித்திருக்க ஏலாது கண்ணகை. ஊரில எல்லாருக்கும் தெரியும் அது சீதேவிட வீடெண்டு. உனக்குச் சொல்ற ஆள் மட்டும் ஒருத்தரும் இல்ல."

கண்ணகை திரும்பி வாசல்வரைக்கும் போனாள். அங்கே நின்றாள். பிறக்கிராசி சொன்னது அப்போதுதான் முழுவதும் இறங்கியது. இந்த மனுசி செத்தால் வீடு போய்விடும். இந்த மனுசி இருக்கும்வரைக்கும்தான் வீடு. முதுகில் புண் வைத்து, நனைந்த விரிப்பில் கிடந்து, இவள் எத்தனை நாள் இருப்பாள்?

திரும்பி வந்தாள். இலட்சுமிப்பிள்ளையைப் புரட்டி விரிப்பை உருவினாள்.

"இத வெயிலில மட்டும் போட்டு எடுத்தா போதுமெண்டு ஆரு சொன்னது?" என்று வெளியே நின்ற மருமகளிடம் கேட்டாள். "மூத்திர உப்பு சீலைக்குள்ளயே இருக்கும். அதுதான் முதுக அரிக்குது. முதல் வெறுந்தண்ணியில ரெண்டு தரம் அலசவேணும். மறுகா தேசிப்புளித் தண்ணி. கஞ்சி போடாத, கஞ்சி போட்ட விரிப்பு புண்ணக் கீறும். நல்லாப் பிசைஞ்சு பதம் பண்ணின பழஞ்சீலைதான் இவவுக்கு விரிக்கவேணும்."

அன்றுமுதல் பதினைந்து நாளைக்கு ஒருதரம் கண்ணகை மண்டூருக்குப் போனாள். வெள்ளாவியில் வைத்து எடுத்த வெள்ளைச் சீலைகளை மூட்டையாகக் கொண்டுபோவாள். நாறிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருவாள். பரியாரியிடம் புண்ணுக்கு எண்ணெய் காய்ச்சுவித்துக் கொண்டுபோனாள். குரக்கன் கஞ்சி காய்ச்சிப் பருக்கினாள். மழை, பனி, காய்ச்சல் எதற்கும் நிற்கவில்லை. கிழவியின் மூச்சு ஒழுங்காக ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்பாள். ஒருமுறை காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தபோது மூன்று நாள் அங்கேயே தங்கி, முருகன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். தான் கும்பிட்டது எதற்காக என்று தெரிந்தே கும்பிட்டாள்.

மண்டூரார் வாய் ஓயாமல் புகழ்ந்தார்கள். "பெத்த மகள்கூட இப்பிடிப் பாக்கமாட்டாள்" என்று மருமகள் ஒருநாள் வந்தவர்களிடம் சொன்னாள்.

படுக்கையில் கிடந்த இலட்சுமிப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. "ஓம்" என்றாள். "பெத்த மகளுக்கு நான் செத்தாத்தான் வீடு. இவளுக்கு நான் இருந்தாத்தான் வீடு."

கண்ணகை அவளுடைய காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. முகம் மட்டும் சுட்டது. இலட்சுமிப்பிள்ளை சொன்னதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது. ஏமாற்றியவளைக் கண்டால் கைகால் பதறவேண்டும். அவளுடைய நெஞ்சோ அந்தக் கிழட்டு உடம்பு இன்றைக்கு ஒரு பிடி சோறு கூடுதலாகத் தின்றதா என்று பார்த்தது.

வீட்டில் தெய்வானை அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கலியாணம் குழம்பியது அவளுக்குத்தான். "அவ உன்ன ஏமாத்தினவ. நீ அவட பீச்சீலைய நம்மட கிணத்தடியில வச்சு அலசுறாய்" என்று ஒருநாள் சொன்னாள். நாற்பதாம் ஆண்டு கரடியனாற்றிலிருந்து ஒருவன் கேட்டு வந்தான். காட்டில் சேனை வெட்டிப் பயிர் செய்து பிழைப்பவன்; வீடு வாசல் கேட்கவில்லை. தெய்வானை தாயிடம் ஒரு சொல் கேட்காமல் ஓம் என்று சொல்லிப் போனாள்.

நாற்பத்தொன்றாம் ஆண்டு மார்கழியில் வாவி பெருகியது. மூன்று கிழமையாகக் குருமண்வெளியில் தோணி ஓடவில்லை. கண்ணகை துறைவரைக்கும் போய்த் திரும்பி, போய்த் திரும்பி வந்தாள். கடைசியில் வெள்ளம் வற்றித் தோணி விட்ட நாள் எதிர்க்கரையில் இறங்கும்போதே பறைச் சத்தம் கேட்டது.

செத்த வீட்டுக்கு வெள்ளை கட்டுவது கட்டாடியின் வேலை. மண்டூர்க் கட்டாடிக்குக் காய்ச்சல். கண்ணகை தான் கொண்டுபோன மூட்டையை அவிழ்த்து, கிழவிக்கென்று பதம் பண்ணிக் கொண்டுவந்த சீலைகளையே பந்தலின் கீழ் கட்டினாள். கட்டும்போது அழுதாள். கூடியிருந்தவர்கள் அவளைத் தேற்றினார்கள். யாருக்காக அழுகிறாள் என்பதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அன்றுதான் அவளுடைய முதலாம் நாள். இனிப் பத்து வருசம்.

இரண்டு மாதம் கழித்து, மலாயா முழுக்க யப்பான்காரன் கையில் விழுந்துவிட்டது என்று சந்திக் கடையில் ஒருவர் பத்திரிகை வாசித்தார். கூடி நின்றவர்கள் தலையில் கை வைத்தார்கள். கண்ணகைக்குச் சட்டென்று ஒரு சந்தோசம் எழும்பியது. கடிதம் வராது, கப்பல் வராது, சீதேவிப்பிள்ளை வரமாட்டாள். அடுத்த கணம் அவளுக்கே தன்னைப் பிடிக்கவில்லை. சீதேவிப்பிள்ளை பெரிய பிள்ளையானபோது அவளுடைய முதல் முழுகுச் சீலையை வெளுத்துக் கொடுத்தவள் கண்ணகைதான். அந்தப் பிள்ளை குண்டு விழுகிற ஊரில் எங்கே கிடக்கிறதோ என்று நினைக்க முயன்றாள். நினைக்க நினைக்க, சந்தோசம் போகாமல் அடியில் அப்படியே கிடந்தது.

சண்டைக் காலத்தில் கல்லடியில் பட்டாளம் வந்து இறங்கியது. காக்கித் துணி மலையாகக் குவிந்தது. கண்ணகை முதுகு ஒடிய வேலை செய்தாள். நாற்பத்தைந்தில் சண்டை முடிந்தபோது, ஊரார் எல்லாரும் வெடி கொளுத்திய அன்று, அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள்.

அடுத்த வருசம் ஆவணியில் ஒரு பின்னேரம் சீதேவிப்பிள்ளை வந்தாள். கூட ஒரு பெண் பிள்ளை, பத்து வயதிருக்கும். இரண்டு பேரும் எலும்புதான். அகதிக் கப்பலில் யாரோ கொடுத்த தடித்த சட்டைத் துணியைப் பிடவைபோலச் சுற்றியிருந்தாள். புருசனை யப்பான்காரர் சீயம் நாட்டுக் காட்டுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்களாம், திரும்பி வரவில்லை. எல்லாம் போனபின்னும் ஒரு தகரக் குழாயை அவள் விடாமல் வைத்திருந்தாள். அதற்குள் வீட்டு உறுதி இருந்தது.

கண்ணகை பாய் போட்டாள். இருவருக்கும் சோறு போட்டாள். சின்னவள் சோற்றை இரண்டு கையாலும் அள்ளித் தின்றதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாப்பிட்டு முடித்த சீதேவிப்பிள்ளை கையைக் கழுவாமலே சொன்னாள். "இது என்ட வீடு, கண்ணகை."

"தெரியும் பிள்ளை" என்றாள் கண்ணகை.

"அம்மா உங்களுக்குச் செய்தது பிழைதான். ஆனா எனக்குப் போக வேற இடமில்ல."

"எனக்கும்தான்."

கண்ணகை மறுநாள் பிறக்கிராசியிடம் போனாள். ஐந்து வருசம்கூட ஆகவில்லை, நிற்காது என்று அவர் சொல்லிவிட்டார்.

ஒரு மாதத்தில் அவள் புறப்பட்டாள். அயலில், போடியார் வீடு திரும்பவும் போடியார் குடும்பத்தார் கைக்கு வந்துவிட்டது என்று சந்தோசப்பட்டார்கள். சீலையடிக்கும் கல்லைக் கொண்டுபோக வண்டி கிடைக்கவில்லை. படலையடியில் சீதேவிப்பிள்ளை வந்து நின்று, "இஞ்ச எங்கயாவது குடிசை போட்டிருங்க. தண்ணிக்கு வாங்க. வட்டை வயல் கைக்கு வந்ததும் வேலைக்காரி வைப்பன். முந்தி மாதிரி அவள் அள்ளி ஊத்துவாள்" என்றாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். வேறு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியாது.

"இனிக் குடத்தோட எட்டத்தில நிக்க எனக்கு ஏலாது பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் கண்ணகை நடந்தாள்.

கரடியனாற்றில் தெய்வானையின் களிமண் வீட்டில் ஒரு மூலை கிடைத்தது. மகள் சோறு போட்டாள், பழைய கதை ஒன்றும் பேசவில்லை, சிரித்தும் பேசவில்லை. கண்ணகை குளத்தில் ஊராருக்குச் சீலை வெளுத்தாள். அவளைத் தேடிக் கறை காட்ட வந்த பெண்களுக்கு விடை ஒன்றிரண்டு சொல்லிலேயே முடிந்தது.

நாற்பத்தெட்டில் கல்லடியிலிருந்து ஒரு வண்டிக்காரன் மூட்டை ஒன்று கொண்டுவந்தான். சீதேவிப்பிள்ளை அனுப்பியது. மகளுக்குப் பெரிய பிள்ளைச் சடங்காம். கண்ணகை கையால்தான் வெள்ளை கட்டவேண்டுமாம். முழுகுச் சீலையும் அவள்தான் வெளுக்கவேண்டுமாம்.

கண்ணகை மூட்டையை அவிழ்க்கவில்லை. கட்டியபடியே வண்டியில் தூக்கிப் போட்டாள்.

"கல்லடியில இப்ப வேற கட்டாடி இருக்காங்கதானே" என்றாள். "அங்க குடுக்கச் சொல்லு."

வண்டி ஒழுங்கையால் திரும்பியது. அவள் குளத்துக்கு இறங்கி, பாதியில் விட்ட சீலையை எடுத்து அடித்தாள்.